லேப்டாப்புக்கு குங்குமம் வச்ச அன்னைக்கு

அக்டோபர் 1 புதன்கிழமை, ஆயுத பூஜை. குளிச்சிட்டு தலைய துவட்டிக்கிட்டே ஹாலுக்கு வர்றேன், என் லேப்டாப் மணை மேல உக்காந்திருக்கு. மூடி நடுவுல பட்டையா சந்தனம், அதுக்கு மேல குங்குமம், சுத்தி ஒரு முழம் சாமந்தி. ஒரு பக்கம் அருவாமனை, இன்னொரு பக்கம் அப்பா லேத்ல வேலை பாத்த காலத்து வெர்னியர், கத்திரிக்கோல், டெஸ்டர், அயர்ன் பாக்ஸ், என் ஸ்கூட்டி சாவி. புதன்கிழமை எமகண்டம் ஏழரைலேர்ந்து ஒன்பது, ராகுகாலம் பன்னெண்டுலேர்ந்து ஒன்றரை, அதனால அம்மா ஒன்பதே காலுக்கே எல்லாத்தையும் அடுக்கி வச்சாச்சு.

"அம்மா, அத ஏம்மா வச்ச?"

"ஆயுத பூஜைக்கு ஆயுதத்த வைக்காம உன்னையா வைக்கிறது? நாளைக்கு காலைல தான் எடுக்கணும். நடுவுல கை வச்சே, பாத்துக்கோ."

"எனக்கு நைட் ஒரு சின்ன வேலை இருக்கும்மா."

"ஆபீஸ் வேலையா?"

இல்லன்னு சொல்ல வேண்டியதா போச்சு. ஆபீஸ் வேலைன்னு பொய் சொல்லியிருந்தா கூட விட்டிருப்பாங்க, ஆனா குளிச்சிட்டு வந்து சாமி முன்னாடி நின்னு பொய் சொல்ல வாய் வரல.

என் பிரச்சனை என்னன்னா, மே 11லேர்ந்து செப்டம்பர் 30 வரைக்கும் ஒரு நாள் விடாம கிட்ஹப்ல (கோட சேமிச்சு வைக்கிற வெப்சைட்) கமிட் பண்ணியிருக்கேன், அதாவது அன்னன்னைக்கு கோட்ல பண்ண மாத்தத்த அங்க பதிஞ்சிருக்கேன். 143 நாள். எனக்கு வேலை கிண்டி எஸ்டேட்ல ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில அக்கவுண்ட்ஸ், படிச்சது பி.காம், கோடிங்குக்கும் சம்பளத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. லாக்டவுன்ல பேங்க் ஸ்டேட்மெண்ட ஒழுங்கு பண்றதுக்காக பைத்தான்ங்கிற கோடிங் மொழிய கத்துக்க ஆரம்பிச்சு அது அப்படியே ஒட்டிக்கிச்சு, இப்ப தினம் ஒரு தமிழ் வார்த்தைய கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு சின்ன விளையாட்டு எழுதிட்டு இருக்கேன். மொத்தம் 11 பேர் விளையாடுறாங்க. அதுல மூணு பேர் எங்க சித்தி வீடு. அதாவது நான் ஒரு நாள் இல்ல ஒரு வருஷம் தொடலன்னா கூட, சித்தி மட்டும் போன் பண்ணி "ஏன்டி இன்னைக்கும் அதே வார்த்தையே வருது"ன்னு கேப்பாங்க, அவ்வளவுதான் நடக்கும்.

இவ்வளவும் தெரிஞ்சுதான் அன்னைக்கு காலைலேர்ந்து வயித்துல ஏதோ பிசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

இதுல கொடுமை என்னன்னா, ஒரு நாள் தள்ளிப் போனா காசு போற வேலைலதான் நான் இருக்கேன். மாசா மாசம் 20ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போடணும், லேட்டானா ஒரு நாளைக்கு 50 ரூபா லேட் ஃபீ, கட்ட வரியே இல்லாத நில் ரிட்டர்னா இருந்தா 20 ரூபா, அதுக்கு மேல வரிக்கு வட்டி வேற. அத ஒரு தடவை லேட்டா போட்டிருக்கேன், ஓனர்கிட்ட திட்டு வாங்கினேன், மத்தியானம் லெமன் சாதம் சாப்பிட்டேன், மறந்துட்டேன். லேட் ஃபீ ஜீரோ, கேக்க ஆள் ஜீரோ, அப்படிப்பட்ட ஒரு விஷயத்த ஒரு நாள் விடறதுக்கு மட்டும் காலைலேர்ந்து முகத்த தூக்கி வச்சுக்கிட்டு திரியுறேன்.

தம்பி ஓஎம்ஆர்ல ஐடில இருக்கான், லீவு நாள்ல லேப்டாப் பேக் ஜிப்ப கூட திறக்க மாட்டான். அவன்கிட்ட புலம்பினேன். "எனக்கு சம்பளம் குடுத்தாலே நான் லீவுல தொட மாட்டேன்க்கா, நீ ஓசில பண்றதுக்கு இப்படி அழுவுற"ன்னு சொல்லிட்டு சுண்டல் கிண்ணத்த எடுத்துக்கிட்டு டிவி முன்னாடி போயிட்டான். அவனோட லேப்டாப்ப அம்மா பூஜைல வைக்கல, அது கம்பெனி பொருளாம், ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றதுன்னு. என்னோடது மட்டும் சொந்தப் பொருள், சந்தனம் பூசலாம்.

உண்மைய சொல்லணும்னா இதே பூஜைக்கு ஸ்கூல் படிக்கறப்ப நான்தான் வீட்ல முதல் ஆளா நிப்பேன். அம்மா கேக்கறதுக்கு முன்னாடியே எல்லா புக்கையும் தூக்கிட்டு வந்து அடுக்கிடுவேன், கணக்கு புக்கு கண்டிப்பா அடியில, அத எடுக்க கடைசியாத்தான் முடியணும். அப்பா ஒரு தடவை "எல்லாத்தையும் ஏன் வைக்கிற, ஒண்ணு வச்சா போதாதா"ன்னு கேட்டதுக்கு, சரஸ்வதிக்கு பாரபட்சம் பாக்கக் கூடாதுப்பான்னு சொன்னேனாம். வருஷத்துல அந்த ஒரு நாள்தான் படிக்காம இருந்தா தப்பு இல்ல, படிச்சாத்தான் சாமி குத்தம். ஒரு துளி உறுத்தல் இல்லாம நாள் பூரா பொரிகடலைய தின்னுக்கிட்டே தெருவுல கிடந்தவதான் நானு. அவ எப்ப, எங்க போனான்னு தெரியல.

நூலு பிடிச்சு பாத்தா இந்த ஸ்ட்ரீக் சமாச்சாரத்துலதான் வந்து நிக்குது. முன்னாடி கிட்ஹப் ப்ரொஃபைல்லயே "இத்தனை நாள் தொடர்ச்சியா"ன்னு ஒரு எண்ணிக்கை காட்டும், 2016 மே மாசம் அத தூக்கிட்டாங்க, இப்ப கமிட் பண்ண நாளுக்கு ஒரு பச்சைக் கட்டம் மட்டும்தான் இருக்கு. அவங்க தூக்குனா என்ன, நான் சொந்தமா எண்ணிக்கிறேன். எங்க வீட்டு தினசரி காலண்டர்ல ராத்திரி தாள கிழிச்சு, பின்பக்கம் பென்சில்ல நம்பர போட்டு, என்ன பண்ணேன்னு ஒரு வரி எழுதி கிளிப்ல மாட்டி வைப்பேன். யாரும் சொல்லல. நானே ஆரம்பிச்சு நானே மாட்டிக்கிட்டேன்.

பூஜை முடிஞ்சு சும்மா உக்காந்திருக்க முடியாம அந்த கிளிப்ப எடுத்து ஆடிட் பண்ண ஆரம்பிச்சேன், தொழில் புத்தி. வெப்சைட் எழுதறவங்க பயன்படுத்துற ஜேக்வெரிங்கிற கோட் தொகுப்ப உருவாக்குன ஜான் ரெசிக் 2014ல தினமும் கோட் எழுதறதுக்கு தனக்குன்னு சில விதி வச்சிருந்தத பத்தி எழுதியிருந்தார், அதுல ஒண்ணு, எழுதற கோட் உருப்படியானதா இருக்கணும், சும்மா ஸ்பேஸ் தள்ளி வைக்கிறது, அழகு படுத்துறது எல்லாம் கணக்குல வராது. அந்த விதிய வச்சு என் 143 தாளையும் தனித்தனியா பிரிச்சேன். 38 தாள் தேறல. "ரீட்மீல கமா" (ரீட்மீன்னா விளையாட்டோட விளக்கக் குறிப்பு), "ஒரு வரி இடம் விட்டேன்", "விட்ட இடத்த எடுத்தேன்". ஜூலைல அடுத்தடுத்த ரெண்டு நாள் அது, ஒரு நாள் வரவு, மறுநாள் அதே பற்று. எங்க ஆபீஸ்ல எவனாவது இப்படி என்ட்ரி போட்டு வச்சிருந்தா நானே அவன உண்டு இல்லன்னு பண்ணியிருப்பேன்.

அத விட கேவலமான விஷயம் ஒண்ணு இருக்கு, சொல்லிடறேன். ரீட்மீல நாலு எழுத்துப் பிழை இருக்கு. எனக்குத் தெரியும். தெரிஞ்சே விட்டு வச்சிருக்கேன், என்னைக்காவது உடம்பு சரியில்லாத அன்னைக்கு ஒண்ணு திருத்தி கமிட் போட்டுக்கலாம்னு. குளோசிங் ஸ்டாக் மாதிரி பிழைய ஸ்டாக் வச்சிருக்கேன். தமிழ் வார்த்தை விளையாட்டுல.

மத்தியானம் வாழைப்பழம் வாங்க தெரு முனைக்கு போனேன், ஸ்கூட்டி சாவி சாமிகிட்ட இருக்கிறதால நடைதான். மெக்கானிக் அண்ணன் கடைல ஷட்டர பாதி இறக்கி வச்சிருந்தாரு. ஸ்பேனரு, ரிங் ஸ்பேனரு, ஸ்க்ரூ டிரைவரு எல்லாத்தையும் மண்ணெண்ணெய்ல கழுவி தினத்தந்தி மேல சின்னதுலேர்ந்து பெருசு வரைக்கும் வரிசையா படுக்க வச்சு ஒவ்வொண்ணுக்கும் பொட்டு. பத்தாம் நம்பர் ஸ்பேனர் மாதிரி குட்டியா இருக்கறதுக்கு குங்குமம் வைக்க இடம் இல்லாம தலை பூரா சிவப்பு. காத்து அடிக்கிற கம்ப்ரசருக்கு ஒரு பெரிய மாலை. அவரு ஸ்டூல்ல உக்காந்து காலாட்டிக்கிட்டே பொரி சாப்பிட்டுட்டு இருந்தாரு. அந்த நேரம் பாத்து ஒருத்தர் செயின் அறுந்த பைக்க தள்ளிக்கிட்டே வேர்த்து விறுவிறுத்து வந்து நிக்கிறாரு.

"அண்ணே, ஒரு செயின் மட்டும் மாட்டி விட்டுருங்கண்ணே."

"இன்னைக்கு கை வைக்க மாட்டேன் சார். நாளைக்கு வாங்க."

"அவசரம்ணே."

"நேத்தே அறுந்திருந்தா போட்டு குடுத்திருப்பேன்."

அந்த சார் மூஞ்சிய பாக்கணுமே. அப்புறம் அண்ணனே ஒரு பொட்டலம் பொரிய அவர் கைல குடுத்து, வண்டிய இங்கேயே நிறுத்திட்டு போங்க, காலைல முதல் வண்டியா பாத்துத் தர்றேன்னு அனுப்பி வச்சாரு. வாடகை குடுக்கிற ஆளு, வந்த கிராக்கிய திருப்பி அனுப்பிட்டு காலாட்டிக்கிட்டு இருக்காரு. நான் பழத்த வாங்கிட்டு திரும்பி வந்தப்பவும் அவரு அதே போஸ்லதான் இருந்தாரு, பொரி மட்டும் பாதி காலி. எனக்கு அவர் மேல வந்தது மரியாதை எல்லாம் இல்ல, பச்சையா பொறாமை.

சாயங்காலம் வீட்ல இருந்தா மணை பக்கமே கண்ணு போகுதுன்னு உள்வட்ட சாலை பக்கம் நடந்தேன். ரோடு பூரா உடைச்ச பூசணிக்காய், ஆட்டோவுக்கு எல்லாம் ரெண்டு பக்கமும் வாழைக்கன்னு, எதிர்ல வர்ற ஆட்டோவோட இலை நம்ம கைய உரசிட்டு போகுது. தலைக்கு மேல பறக்கும் ரயில் பாலம். வேளச்சேரிலேர்ந்து பரங்கிமலைக்கு வெறும் அஞ்சு கிலோமீட்டர், 2008ல ஆரம்பிச்ச வேலை, நிலம் கேஸுன்னு கடைசி அரை கிலோமீட்டர்ல மட்டும் வருஷக்கணக்கா நின்னுச்சு. நான் காலேஜ் போறப்ப தூண் பாத்தேன், வேலைக்கு சேர்ந்தப்ப பாலம் பாத்தேன், அன்னைக்கு வரைக்கும் ரயில் பாக்கல. பதினேழு வருஷத்துக்கு ஒருத்தரும் கில்ட்டி ஃபீல் பண்ண மாதிரி தெரியல, நான் ஒரு நாளைக்கு பண்றேன்னு நினைச்சப்ப நடு ரோட்ல சிரிப்பு வந்துருச்சு.

நடந்துக்கிட்டே எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பாத்தேன். நான் எழுதற பைத்தானே லீவுல பொறந்ததுதான், 1989 டிசம்பர்ல கிறிஸ்துமஸ் வாரம் ஆபீஸ் மூடியிருக்கும், வீட்ல சும்மா இருக்கணுமேன்னு கைடோ வான் ராஸம் பொழுதுபோக்கா ஆரம்பிச்சது. ஆஹா, லீவு எவ்வளவு நல்லதுன்னு ரெண்டு நிமிஷம் தெம்பா இருந்துச்சு. அப்புறம்தான் உறைச்சுது, அவரு லீவுல ரெஸ்ட் எடுக்கல, கோட் எழுதினாரு. சரி அத விடு, ரெஸ்ட் எடுத்தா மூளை ஃப்ரெஷ் ஆகும், நாளைக்கு டபுளா வேலை ஓடும்னு அடுத்த சமாதானம். எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, இதுவும் அதே வியாதிதான், லீவ கூட முதலீடு ஹெட்ல எழுதி நாளைக்கு லாபம் வரணும்னு எதிர்பாக்கிறது. வரலன்னா? அப்ப லீவும் நஷ்டக் கணக்கா?

எங்க தொழில்ல டிராயிங்ஸ்னு ஒரு கணக்கு உண்டு. கடை ஓனர் கல்லாலேர்ந்து தன் சொந்த செலவுக்கு பணம் எடுத்தா அத செலவுன்னு காட்டக் கூடாது, முதலீடுன்னும் காட்டக் கூடாது, டிராயிங்ஸ்ல எழுதணும். எதுக்கு எடுத்தார்னு பில் கேக்க மாட்டோம். அவர் கடை, அவர் பணம், எடுத்தார். பத்து வருஷமா தினம் எவனெவனுக்கோ இந்த என்ட்ரி போடறேன், எனக்கு ஒரு நாள் போடத் தெரியல.

இந்த ஞானம் எல்லாம் ராத்திரி வரைக்கும்தான். பதினொண்ணே முக்காலுக்கு மொட்டை மாடில உக்காந்திருக்கேன், கைல போன். அம்மா லேப்டாப்பத்தான் சாமிகிட்ட வச்சாங்க, போன வைக்கல. போன் பிரவுசர்லயே ரீட்மீய திறந்து பென்சில் படத்த தட்டினா எடிட் பண்ணலாம், ஒரு பிழைய திருத்தி கமிட்டுன்னு அமுக்கினா 144. டெக்னிக்கலா சாமி குத்தமும் இல்ல. பென்சில தட்டிட்டேன். ஸ்டாக்ல இருந்த நாலு பிழைல எதை எடுக்கலாம்னு பாக்கறேன், "எழுத்துக்களைக் கண்டுபிடிக்கவும்"ங்கிற வரில "கண்டுபிடிகவும்"னு ஒரு க் இல்லாம நிக்குது. மூணு மாசமா நிக்குது. சித்தப்பா தமிழ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு, அவர்தான் வார்த்தை லிஸ்ட்டே குடுத்தாரு, அவரு இந்த வரிய தினம் பாத்திருப்பாரு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. என் 144க்காக அந்த மனுஷன் மூணு மாசம் ஒரு ஒற்றுப்பிழைய சகிச்சுக்கிட்டு இருந்திருக்காரு.

அதுக்கப்புறம் அமுக்கவும் மனசு வரல, விடவும் மனசு வரல, இப்பவே திருத்தறதுதானே சரின்னு ஒரு பக்கம், இப்ப திருத்தினா அது பிழைக்காக திருத்தினதா கட்டத்துக்காக திருத்தினதான்னு இன்னொரு பக்கம், இதுக்கு நடுவுல கொசு வேற கணுக்கால பதம் பாக்குது, சொறிஞ்சுட்டு நிமிர்ந்தா மணி 12.03. நான் முடிவெடுத்தேன்னு பெருமையா சொல்லிக்கலாம்தான், ஆனா நிஜம் இதுதான், யோசிச்சுக்கிட்டே இருந்தேன், நாள் முடிஞ்சு போச்சு.

கோடிங் தெரிஞ்சவங்க இப்ப கேப்பீங்க, மறுநாள் பழைய தேதி போட்டு கமிட் பண்ணலாமேன்னு. பண்ணலாம், கிட்ஹப்புக்கு அடியில இருக்கிற கிட்ங்கிற சாஃப்ட்வேர்ல தேதிய நாமளே குடுக்கலாம், கட்டம் பச்சையாயிடும். ஆனா 2023 ஏப்ரல் 1லேர்ந்து கம்பெனி கணக்கு எழுதற சாஃப்ட்வேர்ல எடிட் லாக் கட்டாயம், எந்த என்ட்ரிய எப்ப மாத்தினோம்னு பதிவாகும், அணைச்சு வைக்க முடியாது. அது வந்த நாள்லேர்ந்து பின்தேதி போடறதுன்னாலே எனக்கு முதுகுத்தண்டு சில்லுங்குது. ஹாபில போய் அத பண்ணுவேனா.

கொசுன்னதும் ஞாபகம் வருது, அந்த ஒரு நாள் ரெஸ்ட்ல எனக்கு எந்த ஐடியாவும் உதிக்கல. செப்டம்பர் கடைசிலேர்ந்து ஒரு பக் (கோட்ல இருக்கிற பிழை) என்னை படுத்திட்டு இருந்துச்சு. அன்னைய விடை "கொசு". சித்தி கரெக்டா "கொசு"ன்னு டைப் பண்றாங்க, விளையாட்டு தப்புங்குது. திரைல ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு. லீவு முடிஞ்சு மூணு நாள் முட்டி மோதி ஞாயித்துக்கிழமை ஒவ்வொரு குறியா பிரிச்சு பிரிண்ட் பண்ணி பாத்தப்பதான் பிடிபட்டுச்சு, சித்தி போன்ல கொ-ங்கிறது க-வும் ஒரே ஒரு ஒகரக் குறியும், மொத்த வார்த்தைக்கு நாலு யூனிகோட் குறி (கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் வச்சிருக்கிற எண்). சித்தப்பா லிஸ்ட் பழைய பாமினி ஃபாண்ட்லேர்ந்து மாத்தினது, அதுல க, அப்புறம் கொம்பு தனி, கால் தனி, ஆக அஞ்சு. கண்ணுக்கு ஒண்ணு, பைத்தானுக்கு வேற வேற. ரெண்டு பக்கமும் என்எஃப்சிங்கிற, பிரிஞ்ச குறிகள ஒண்ணா சேர்த்து எழுதற வடிவத்துக்கு மாத்தினா சரியாயிடும், ஒரு வரி வேலை. அந்த ஒரு வரி எனக்கு லீவு எடுத்ததால வந்துச்சுன்னு சொன்னா கதை நல்லாருக்கும். வரல. மூணு நாள் மண்டைய உடைச்சதாலதான் வந்துச்சு. லீவு அன்னைக்கு நான் பொரி தின்னேன், மத்தியானம் ரெண்டு மணி நேரம் ஃபேனுக்கு கீழ வாய பிளந்துகிட்டு தூங்கினேன், அவ்வளவுதான்.

விஜயதசமி காலைல அம்மா கற்பூரம் காட்டிட்டு லேப்டாப்ப எடுத்துக் கைல குடுத்தாங்க. சந்தனம் காஞ்சு பொருக்கு பொருக்கா மூடி இடுக்குல போயிருந்துச்சு, திறந்தா கீபோர்ட் மேல உதிருது, ஊதிக்கிட்டே நிக்கிறேன்.

"எடுத்ததும் ஏதாவது வாசிச்சிட்டுத்தான் மூடி வைக்கணும். வாசி."

"என்னத்தம்மா வாசிக்கிறது, இதுல கோட்தான் இருக்கு."

"அதத்தான் வாசி. சத்தமா."

சாமி முன்னாடி உக்காந்து, "இஃப் கெஸ் ஈக்வல் ஈக்வல் ஆன்சர், ரிட்டர்ன் ட்ரூ"ன்னு ஆரம்பிச்சு பன்னெண்டு வரி வாசிச்சேன். அப்பா பேப்பர இறக்கிட்டு பாத்தாரு. தம்பி விழுந்து விழுந்து சிரிச்சான். அம்மா மட்டும் கை கூப்பி கேட்டுட்டு, "சரி போதும், நல்லா வரும், போய் டிபன் சாப்பிடு"ன்னாங்க.

அதுக்கப்புறம் ரீட்மீல இருந்த நாலு பிழையையும் ஒரே கமிட்ல திருத்திட்டேன். ஸ்டாக் நில்.

காலண்டர் பக்கம் போனப்ப அக்டோபர் 1 தாள் இன்னும் கிழிக்காம இருந்துச்சு. அம்மாவே கிழிச்சாங்க. பின்பக்கம் திருப்பி, வெள்ளையா இருக்கேன்னு பாத்துட்டு, மிச்சம் இருந்த குங்குமத்த அதுல கொட்டி மடிச்சு என் ஹேண்ட்பேக்ல வச்சாங்க, வெள்ளிக்கிழமை ஆபீஸ் போனதும் அங்க இருக்கிற கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு வச்சிடுன்னு.